எழுபத்திரண்டு சிப்பம்

மாசி மாதம், பிசான அறுப்பு.
வீரவநல்லூருக்குத் தெற்கே கன்னடியன் கால்வாய்க் கரையில்
ஒரு தகரக் கொட்டகை, கிழிந்த தார்ப்பாய் நான்கு,
தராசு, ஈரமானி,
பருவகாலப் பட்டியல் எழுத்தர் ஒருவன்.
அந்த ஒருவன் நான்.
எனக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

முப்பிடாதி நெல்லைக் குவித்து ஒன்பது நாளாகிறது.
அம்பை பதினாறு. குண்டு நெல், இட்லிக்கு ஆகும்.
ஒரு கை அள்ளி ஈரமானிக்குள் போட்டேன்:
பதினெட்டு புள்ளி மூன்று.
பதினேழுக்கு மேல் அரசாங்கம் வாங்காது.
"மானம் மூடிக் கெடந்தா அதுக்கு நா என்ன செய்யட்டும், சார்?"
பதினேழு என்று எழுதிய கைக்கு
பொதிகையிலிருந்து இறங்கும் பனியைத் தெரியாது.

பகலில் விரித்தாள், இரவில் மூடினாள்.
மயில்கள் ஆறு வந்து தின்றுவிட்டுப் போயின.
அவற்றிடம் யாரும் சிட்டா கேட்கவில்லை.

பதினொன்றாம் நாள் பதினாறு புள்ளி ஒன்பது.
பிடித்துத் தைத்தோம், சிப்பத்துக்கு நாற்பது கிலோ,
மேலே ஒரு கிலோ.
அது ஏன் என்று கேட்காதீர்கள்,
நானும் கேட்டதில்லை.

கணினி பெயர் கேட்டது.
அடங்கலில் இருந்தது பிரமநாயகம், தகப்பனார் உலகநாதன்,
இருப்பு தாம்பரம். வங்கிக் கணக்கும் தாம்பரம்.
ஓடிபி அங்கே போனது.
அவர் நடைப்பயிற்சியில் இருந்தாராம்.
இருபத்தைந்து நிமிடம் காத்துக் கிடந்தோம்
நான், அவள், எழுபத்திரண்டு சிப்பம்.
நட்டவள் பெயரை எழுத
அந்தத் திரையில் கட்டம் இல்லை.

பாளையங்கோட்டையில் பி.காம். படிக்கையில்
கரும்பலகையில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும்.
மானியம் யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பது வேறு,
யார் மடியில் போய் விழுகிறது என்பது வேறு
என்று எழுதிப் பத்துக்கு ஏழு வாங்கினேன்.
புரிந்து எழுதவில்லை.

முப்பிடாதி விரல் மடக்கிச் சொன்னாள்:
"பம்புசெட்டுக்கு இலவசக் கரண்டு கெடச்ச வருசம்
குத்தகை ஒரு கோட்டை ஏறிச்சு.
நெல்லுக்கு ஊக்கத்தொகை அறிவிச்ச வருசம்
நெல்லு வேண்டாம், ரூவாயாக் குடுன்னாரு.
நாலு மாசத்துக்கு ஒருக்க வருமே ரெண்டாயிரம்,
அதுவும் அங்கதான்."
மார்கழி வெள்ளத்தில் பயிர் மூழ்கியபோது
நிவாரணமும் தாம்பரம் போனது,
ஒரு சொட்டு நனையாமல்.
"நல்ல மனுசன்தான், சார். பொங்கலுக்குச் சேலை எடுத்துத் தருவாரு."

யூரியா?
அது மட்டும் அவள் கைக்கே வந்தது, அடிமாட்டு விலைக்கு.
கூடவே வேண்டாத பாட்டில் ஒன்றைத் தலையில் கட்டினார் கடைக்காரர்,
அது இன்னும் மாடாக்குழியில் உறை பிரியாமல் இருக்கிறது.
மலிவுதானே என்று இரண்டு மூட்டை கூடப் போட்டாள்.
பயிர் கருகருவென்று எழுந்தது,
புகையான் விருந்துக்கு வந்தது.
புகையான் மருந்துக்கு மானியம் இல்லை.

தண்ணீர் பள்ளம் பார்த்துப் பாயும்.
இந்தப் பணம் மட்டும் எப்படி மேடு ஏறுகிறது?
எங்கேயோ ஒரு மோட்டார் ஓடவேண்டும்,
அதற்கும் கரண்டு இலவசமாக.

"குத்தகையை எழுதிப் பதிஞ்சுக்கிட்டா உங்க பேருலயே விக்கலாமே" என்றேன்,
சட்டம் தெரிந்தவன் போல.
என்னைப் பார்த்தாள், சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல.
"எழுதிக் கேட்டா அடுத்த பூவுக்கு
நெலம் இருக்காது, சார்."

லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.
தராசுக்கு அடியில் சிந்திக் கிடந்ததைக்
கூட்டிப் புடைத்து எடுத்தாள், இரண்டு படி தேறும்.
மடியில் கட்டிக்கொண்டு நிமிர்ந்தவள்
"இது யாரு பேருல ஏறும்?" என்று கேட்டாள்.
சிரித்த மாதிரி இல்லை.

நான் கணினியை அணைத்துவிட்டு
ஈரமானியைத் துடைக்க ஆரம்பித்தேன்.